நாட்டு மருந்துக்கு இங்கிலீஷ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் வெளிநாடு பார்த்தவர் ஒரே ஒருவர்தான். மூன்றாவது வீட்டு சார். ஆபீஸ்காரர்களோடு டூர் சேர்ந்து சிங்கப்பூரில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார். அந்த நான்கு நாளை வருஷக்கணக்கில் பேசினார். காய்கறி வண்டிக்காரனிடம் கத்திரிக்காய் வாங்கும்போதுகூட, "சிங்கப்பூர்ல இந்த நீளம் இருக்கும்ப்பா" என்று முழங்கையைக் காட்டுவார். தெருவில் யார் பிளேன் ஏற மீனம்பாக்கத்துக்குக் கிளம்பினாலும் அவரிடம் புத்தி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டில்லிக்குப் போகிறவனுக்கும் சிங்கப்பூர் புத்திதான்.

எனக்கும் முறை வந்தது. என் மகளைச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிற பையனுக்குக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆனால் அவளுக்குக் கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, பிளேனில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவம் தாய் வீட்டுக்கு வர முடியாது என்றால், தாய் வீடுதான் பிளேன் ஏற வேண்டும். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பினார். நான் தாய் வீட்டை மூட்டை கட்டினேன்.

மூட்டையில் முக்கியமானது பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டியது. ரோடு போடுகிற தார் மாதிரி இருக்கும். பிள்ளை பெற்றவள் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை விழுங்கினால்தான் வயிற்றுப் புண் ஆறும், பால் ஊறும் என்பார்கள். வெறுங்கையோடு போனால் நான் விருந்தாளி. லேகியத்தோடு போனால்தான் அம்மா.

சார் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஸ்வெட்டர், மங்கி கேப் போட்டுக்கங்கம்மா. எலும்பே நடுங்குற குளிர்."

சிங்கப்பூர் நம் ஊரைவிடப் புழுக்கம். சார் நடுங்கியது ஹோட்டல் ஏசியில் என்று போனபிறகுதான் தெரிந்தது.

"குழாய்த் தண்ணியைத் தொடாதீங்க. காய்ச்சி எடுத்துட்டுப் போங்க."

அந்த ஊரே குழாயில்தான் பிடித்துக் குடிக்கிறது.

"வெத்தலை போட்டுத் துப்பினா தண்டம் கட்டணும்." இது ஒன்று மட்டும் நிஜம். "எல்லாத்தையும் விட முக்கியம், ஏர்போர்ட்ல தமிழ்ல பேசாதீங்க. மதிக்கவே மாட்டான். அப்படியே திருப்பி அனுப்பிடுவான். இங்கிலீஷ்லதான் பேசணும்."

"எனக்கு இங்கிலீஷ்ல பஸ்ஸு, லேட்டு, ரெண்டு வார்த்தைதான் சார் தெரியும். நம்ம ஊர்ல அது ரெண்டும் சேர்ந்தேதான் வரும்."

"நான் சொல்லித் தரேன். பெட்டியைத் திறந்து 'வாட் இஸ் திஸ்'னு கேப்பான். லேகியத்தைக் காட்டி என்ன சொல்லுவீங்க?"

"மெடிசன்னு சொல்றேன்."

"தப்பு! மெடிசின்னா டாக்டர் சீட்டு எங்கேன்னு பிடிச்சுப்பான். ஸ்டேஷன் கிட்ட மெடிக்கல் ஷாப் போர்டுல என்ன எழுதியிருக்கான்?"

"போர்டை யாரு சார் பாத்தா? உள்ள எவ்ளோ கும்பல் கீதுன்னுதான் பாப்பேன்."

"'டிரக்ஸ்'னு எழுதியிருக்கான். மருந்துக்குச் சரியான இங்கிலீஷ் அதான். இது நாட்டு மருந்து, அப்போ 'கன்ட்ரி டிரக்ஸ்'. எதுக்கு? பிரசவத்துக்கு. 'ஃபார் டெலிவரி'. எங்கே, சேர்த்துச் சொல்லுங்க."

"கன்ட்ரி டிரக்ஸ் பார் டெலிவரி."

"சபாஷ்!"

கிளம்புகிற நாள்வரை அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். என் வீட்டுக்காரருக்குப் பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார், "இன்னாம்மே, சோசியக்காரன் கிளி மாதிரி சொன்னதையே சொல்லிகினு கீற? ஏரோப்ளேன்ல சீட்டு எடுக்கப் போறியா?"

"உனக்கு வவுத்தெரிச்சல். கம்முனு துன்னு."

சிங்கப்பூரில் இறங்கினேன். ஸ்வெட்டர், மங்கி கேப் சகிதம். எல்லோரும் கை இல்லாத சட்டையில் போக, நான் மட்டும் ஏசியிலும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வேர்த்து ஊற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். பெட்டி சோதிக்கிற சீனக்காரப் பிள்ளை முதலில் என் வேர்வையைத்தான் பார்த்தான். பிறகு டப்பாவைத் திறந்தான். உள்ளே கருப்பாக, பிசுபிசுவென்று லேகியம்.

"வாட் இஸ் திஸ்?"

கேட்டானே! சார் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள். நான் நிமிர்ந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கன்ட்ரி டிரக்ஸ்! பார் டெலிவரி!"

பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார். சீனக்காரப் பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"டெலிவரி? டு ஹூம்?"

இது பாடத்தில் இல்லை. ஆனாலும் டெலிவரி யாருக்கு என்றுதானே கேட்பான்? சினிமாவில் கேட்டது கைகொடுத்தது. "மை டாட்டர்!" என்றேன். அவன் போனை எடுத்தான். என் இங்கிலீஷை மெச்சிப் பெரிய ஆபீசரைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் ஏதோ அறிவிப்பு. நாலு பாஷையில் எழுதி, அதில் ஒன்று தமிழ். இங்கே தமிழ் எப்படி வந்தது என்று எழுத்துக்கூட்டினேன். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. போ... தை... பொ... ருள்... கடைசியில் ம... ர... ணம். 'எந்தப் பாவிக்கோ எழுதி வைத்திருக்கிறார்கள்' என்று உச்சுக்கொட்டினேன்.

யூனிபாரம் போட்ட பெண் ஒருத்தி வந்தாள், பின்னாலேயே டப்பாவோடு சீனக்காரப் பிள்ளை. நல்ல கருப்பு. நெற்றியில் பொட்டு.

"அம்மா, இதை யாரு கொடுத்து அனுப்பினாங்க?"

அப்பட்டமான தமிழ். ஆனால் சார் சொல்லியிருக்கிறாரே, வாய் திறக்கலாமா?

"நோ தமிழ்," என்றேன்.

அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். "தாம்பரம்னு போட்டிருக்கு. அங்க தமிழ் பேசறதில்லையா?"

"பேசக் கூடாதுன்னு சார் சொல்லிகிறாரும்மா."

"எந்த சார்?"

"எங்க தெரு சார். அவர்தான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாரு. உள்ள வந்தா இன்னா பேசணும், இன்னா பேசக் கூடாது..."

அவள் விறுவிறுவென்று எழுதிக்கொண்டாள். தாம்பரத்தில் உட்கார்ந்தே சார் கடத்தல் கும்பலுக்குத் தலைவராகிவிட்டார்.

எழுதி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அம்மா, இங்க டிரக்ஸ்னா அபின், கஞ்சா. டெலிவரின்னா கைமாத்தி விடறது. அபின் கொண்டு வந்திருக்கேன், மகள்கிட்ட கைமாத்தப் போறேன்னு நீங்களே வாயால சொல்லியிருக்கீங்க. இந்த ஊர்ல அதுக்குத் தூக்கு. உங்க மகளையும் கூட்டிட்டு வர ஆள் அனுப்பணும்."

நான் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டாமலே படிக்க வந்தது.

"அய்யோ, அவளை இஸ்துகினு வராதம்மா! இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறா! என்னை வேணா தொங்க வுடு! இது லேகியம்டி என் தாயே! டெலிவரின்னா புள்ள பொறக்குற டெலிவரி! சுக்கு, மிளகு, திப்பிலி... இரு, துன்னு காட்டறேன்!"

டப்பாவில் கையை விட்டேன். இரண்டு பேரும் பாய்ந்து என் கையைப் பிடித்தார்கள். அபின் தின்று செத்துவிட்டேன் என்றால் யார் பதில் சொல்வது? ஒரு துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நான் ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வருவதற்குள் சீனக்காரப் பிள்ளை டப்பாவை இரண்டு தடவை மோந்து பார்த்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னான். அவள் முகம் இளகியது.

"அவங்க வீட்லயும் பிள்ளை பெத்தவங்களுக்கு இஞ்சியும் நல்லெண்ணெயும்தான் கொடுப்பாங்களாம். இந்த வாசனை தெரியுதாம்."

"மூக்குக்குத் தெரியுதில்ல? அந்த மூக்கை முன்னாடியே வச்சிருக்கக் கூடாதா?"

அவள் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சோதனையில் சுக்குதான் வந்தது. டப்பாவை மூடிக் கையில் கொடுத்தார்கள். "இனிமே தமிழ்லயே பேசுங்கம்மா. இங்க அதுவும் சர்க்கார் பாஷைதான்," என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் காலை, மகள் வாயில் ஓர் உருண்டை வைத்தேன். கண்ணில் தண்ணீர் வர முகத்தைச் சுளித்தாள்.

"காரம் தாங்கலம்மா. துப்பிடட்டுமா?"

"முழுங்குடி. அந்த உருண்டைக்கு உங்கம்மா தூக்குல தொங்கியிருப்பா."

முழுங்கினாள்.