அண்ணனின் இடக்கைப் புள்ளிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில், பொள்ளாச்சிக்கு வடக்கே எங்கள் தோட்டத்து வீட்டில், என் தமையனாரின் மகளுக்குத் தாம்பூலம் மாற்ற நாள் குறித்திருந்தோம். தமையனார் ஐம்பத்தெட்டு வயதினர். எனக்கு இருபது ஆண்டுகள் மூத்தவர். தாம்பூல நாளுக்கு ஒரு வாரம் முன்னர் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், சோற்றில் கை வைக்காமல் தமையனாரின் இடக்கையையே நோக்கியிருந்தார். தோள் முதல் மணிக்கட்டு வரை புளியங்கொட்டை நிறத்தில் புள்ளிகள். இடக்கன்னத்திலும் அவ்வாறே. வலப்புறம் அநேகமாகச் சுத்தமாக இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்க மச்சான். தாம்பூலத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்க. பெருநோயி இப்படித்தான் ஒரு பக்கமாத் தொடங்கும்ங்கறாங்க” என்றார். தொழுநோயைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அன்று மாலையே தமையனார் தம் தட்டையும் பாயையும் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். மறுநாள் நான் அவரை வற்புறுத்திப் பேருந்தில் கோயமுத்தூருக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் அவரைக் கண்களை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார்.

“தொடறது தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க. கூசுதுங்க.”

“பெருநோயா இருந்தா அந்த எடம் மரத்துப் போயிருக்கும். இது வயசும் வெயிலும் சேந்து வெச்ச புள்ளிங்க. உங்க வேட்டிக்கட்டுக்குக் கீழ இருக்கற தோலப் பாருங்க, எளந்தாரித் தோலாட்ட இருக்குது. வந்தது லேசுல போகாது. இனியும் வாராம இருக்கோணும்னா முழுக்கைச் சட்டை போடுங்க, உச்சி வெயிலுக்கு நெழல்ல ஒதுங்குங்க.”

“சட்டை போட்டுட்டுக் கெணத்துல கவலை ஓட்டுனா மாடு என்னைய ஆருன்னு கேக்குமுங்களே.”

மருத்துவர் சிரித்தார். எனினும், இடப்புறம் மட்டும் ஏன் என்று நான் வினவியபோது, தமக்கும் அது விளங்கவில்லை என்று ஒளிக்காமல் கூறினார். அதற்கு விடையின்றித் தாய்மாமனிடம் செல்வது வீண் என்பதை நான் அறிவேன். தமையனாரும் அன்றிரவு கொட்டகையிலேயே படுத்தார்.

மறுநாள் கிணற்றடியில் நின்றேன். கவலை இறைத்தலைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சால் எனும் நீர்ப்பையை மேலே இழுக்கும்போது எருதுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும், அந்தப் பையைக் கிணற்றுள் விடும்போது திரும்பாமல் பின்னோக்கியே ஏறும். ஓட்டுபவரும் அவ்வாறே; நாள் முழுதும் அவர் முகம் ஒரே திசையில் இருக்கும். எங்கள் சரிவு மேற்கு நோக்கியது. ஐப்பசி முதல் பங்குனி வரை, நாங்கள் மிகுதியாக இறைக்கும் மாதங்களில், சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். தமையனாரின் இடக்கை தெற்குப் பக்கம் இருந்தது.

நான் அசையாது நின்றேன். எட்டாத் தொலைவிலிருந்து வரும் ஒளி, நாற்பது ஆண்டுகளாக ஒரு மனிதனின் ஒரு கையை மட்டும் தேடித் தொட்டிருக்கிறது. அந்தக் கையை நாங்கள் தினமும் பார்த்திருந்தோம், வானத்தைப் பார்க்கவில்லை.

அன்றே தாய்மாமனின் ஊருக்குச் சென்று யாவற்றையும் விளக்கினேன். அவர் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் நின்று இரு கைகளையும் நீட்டிப் பார்த்தார். வலது கையில் புள்ளிகள் அடர்ந்திருந்தன. இடது கையில் ஒன்றிரண்டே.

“உங்க கெணத்துச் சரிவு எந்தப் பக்கமுங்க?” என்றேன்.

“கெழக்க பாத்துப் போகுதுங்க” என்றார் மெதுவாக.

கிழக்கு நோக்கி நிற்பவனுக்குத் தெற்கு வலப்புறம். இருவரும் அக்கைகளையே பார்த்து நின்றோம். அவர் துண்டைத் தோளில் போடாமலே உள்ளிருந்த மனைவியின் பக்கம் திரும்பி, “அம்மணி, வண்டிய பூட்டச் சொல்லு. மச்சான் கொட்டாயில படுத்துக் கெடக்கறாராமா. நானே போயி அவரு ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்” என்றார்.