மஞ்சள் பட்ட மனு

எங்கள் வீட்டில் ராசிக்கை என்று ஒன்று இருந்தது. அது என்னுடையதல்ல. என்னைவிட நான்கு வயது இளையவளான என் தங்கையுடையது. அவள் பிறந்த வாரம் மழை கொட்டிக் கிணறு நிரம்பியதாம். நான் பிறந்த வாரம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மாடுகளில் ஒன்று செத்ததாம். மழையை அவள் கொண்டுவந்தாள் என்றும் மாட்டை நான் கொண்டுபோனேன் என்றும் அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த மாடு பல் விழுந்த கிழமாடு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

விதைப்புக்கு முதல் பிடி தங்கை கை. புது உப்புப் பானையில் முதல் கல்லும் அவள் கை. எனக்கு வயிறு எரியும். அவள் அசந்திருக்கும்போது அந்தக் கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அழுக்கைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. என் வலக்கையிலாவது ஒரு விசேஷம் இருந்தது. கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது.

எனக்கு ஒன்பது வயதாகும்போது கிணறு வற்றியது. ராசிக்கை இருந்தும் ஏன் வற்றியது என்று கேட்டதற்கு அம்மாவிடம் ஓர் அறை வாங்கினேன். விதைக்கும் காடு காய்ந்து கிடந்தது. அப்பா சீமெண்ணெய்க் கடை வைப்பதென்று முடிவு செய்தார். சீமெண்ணெய் டின்னை வைத்து விற்கப் பஞ்சாயத்து போர்டு லைசென்சு வேண்டும். கடை ஓட்டுக் கட்டடம்தான், பக்கத்தில் கூரைவீடு இல்லை என்று மணியக்காரர் மனுவின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்காக அப்பா ஒரு மாதம் அவர் பின்னாலேயே நடந்தார். எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு ஒரே லைசென்சுதான் என்று பேச்சு. கீழத்தெருக்காரர் ஒருவர் முன்பே மனுப் போட்டுவிட்டார். கெடு முடிவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் மணியக்காரர் மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மகள் ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கான காகிதம் எதுவும் மஞ்சள் படாமல் வாசல் தாண்டாது. மறுநாள் காலையில் அம்மா மஞ்சளைக் குழைத்து, தங்கையின் விரலைத் தோய்த்து, மனுவின் நான்கு மூலையிலும் ஒற்றவைத்தாள்.

"எங்க சாமி கை பட்டிருச்சு. இனி லைசென்சு ஊடு தேடி வரும்" என்றாள்.

"நானும் ஒண்ணு வெக்கறேம்மா" என்றேன்.

"உன்ற கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு அம்மிணி."

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அப்பா குளிக்கப் போனார். அம்மா கட்டுச்சோறு கட்டப் போனாள். மஞ்சள் கிண்ணத்தில் உள்ளங்கையை முழுதாக அமுக்கி, மாட்டுப்பொங்கலன்று மாட்டின் முதுகில் பதிப்பதுபோல மனுவின்மேல் பதித்தேன். கெடுக்க வேண்டும் என்று பதிக்கவில்லை. லைசென்சு வந்ததும் 'அது என் கை' என்று அத்தையின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஈரத்தோடு மடித்து, துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். என் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

ராசிக்காகத் தங்கையை அழைத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். நான் புரண்டு அழுததில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

போர்டு ஆபீசில் குமாஸ்தா மனுவைப் பிரித்தார். மணியக்காரரின் கையெழுத்து இருந்த இடத்தில் மஞ்சளும் மையும் குழம்பி, ஐந்து விரலோடு ஒரு கை நின்றது.

"என்னங்க இது, மணியக்காரர் கையெழுத்து எங்கீங்க? ஆரு வெச்சது இந்தக் கையை?"

அப்பா குனிந்து பார்த்தார். சீக்கிரம் நிமிரவில்லை. தங்கை பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்தாள். நான் என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நாந்தானுங்க. மஞ்சக் கையோட தெரியாமத் தொட்டுப்போட்டேனுங்க" என்றார் அப்பா.

குமாஸ்தா முறம் போலிருந்த அப்பாவின் கையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். "இன்னைக்குக் கடைசி நாளுங்க. பொழுதுக்குள்ள புதுசா எழுதி மணியக்காரர் கையெழுத்தோட வாங்க" என்று மட்டும் சொன்னார். மணியக்காரரோ மகள் ஊரிலிருந்து திரும்ப மூன்று நாளாகும்.

தப்பித்தோம் என்ற நிம்மதி எனக்குச் சற்று நேரம்தான் இருந்தது. அப்புறம் விஷயம் 'புரிந்தது'. காலையில் மஞ்சள் வைத்தவள் தங்கை; அவள்தான் அப்பியிருப்பாள் என்று அப்பா நினைத்துவிட்டார்; செல்லமகள் பேர் கெடக்கூடாது என்று பொய்யும் சொல்லிவிட்டார். என் கையையும் அவளுக்கே கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

லைசென்சு கீழத்தெருக்காரருக்குப் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எந்த மூதேவி கை பட்டுச்சோ" என்று அத்தை என் பக்கம் திரும்பினாள். "நாந்தான்னு சொல்றனல்ல!" என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் அடுத்தவர் வண்டி ஓட்டினார். மறு வருஷம் மனுவை மாமன் கையில் கொடுத்தனுப்பித்தான் அம்மா லைசென்சு வாங்கினாள். கடை வந்த பிறகும் விடிந்ததும் முதல் படி சீமெண்ணெயை அப்பா கையால் அளக்க விடமாட்டாள். தங்கைதான் அளப்பாள். அப்பா தம் கடையிலேயே ஓரமாக நிற்பார். ராசிகெட்ட கை என்று ஊரில் சொன்னால் அவர் கையைத்தான் சொன்னார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது நல்ல வெயில். தங்கை அப்பாவின் தோளில், தலைக்கு அவர் துண்டு. என்னை நடத்தித்தான் கூட்டிவந்தார், வளைந்த அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. அதன் மடிப்பில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. வழியெல்லாம் அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். ஊருக்குள் நுழையும்போது அது சுத்தமாகப் போயிருந்தது. நான் அவள் உட்கார்ந்திருந்த தோளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.