விதானையாரின் தலைக்கணக்கு

எங்கள் விதானையாரின் சைக்கிள் கரியரில் எப்போதும் ஊரின் குடும்பப் பதிவுப் புத்தகம் கட்டியிருக்கும். அரசாங்கக் கடிதங்களில் அவர் கிராம சேவகர், எங்களுக்கு விதானையார்தான். புத்தூர்ச் சந்தியிலிருந்து இரண்டு மைல் உள்ளே, தோட்டங்களுக்கு நடுவே கிடந்தது ஊர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாடு போயின. போனவர்களின் பெயரை அவர் வெட்டுவதில்லை. திரும்பி வந்தால் அழிக்கலாமென்று பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நான்தான் ஆண்டுதோறும் அந்தப் பட்டியலைப் படியெடுத்துக் கொடுப்பேன். ஆட்கள் போதாதென்று முதலில் காலை பஸ் நின்றது, பிறகு பின்னேர பஸ்ஸும் நின்றது.

"சனம் இல்லாட்டி பஸ் வராது ரீச்சர். பஸ் வராட்டிச் சனம் இராது. இதிலை நான் எதை முதல் எழுதிறது?" என்பார்.

தொண்ணூறுக்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோலும் இல்லாமல் போனது. கார்களும் தோட்டத்து நீரிறைக்கும் மெசின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. முதலில் சில துளி பெற்றோல் விட வேண்டும். அதற்காக ஒவ்வொரு தோட்டக்காரரும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தார். கேட்டால் இல்லையென்று சத்தியம் செய்வார்.

ஒரு மத்தியானம், ஆறு வயதான என் மகளுக்கு முட்டு வந்தது. முன்பும் மூச்சு இழுத்ததுண்டு. அன்று உதடு நீலமாகிவிட்டது. கணவர் சைக்கிளில் நல்லூருக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி எட்டு மைல். என் கூக்குரல் கேட்டு ஓடிவந்த விதானையார் பிள்ளையை ஒருமுறை பார்த்தார், சைக்கிளைத் திருப்பினார். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கார் கடைக்காரருடையது. அதை எழுப்ப விதானையார் வீடு வீடாகப் போய்ப் பெற்றோல் கேட்டார். மூன்று வீடுகளில் கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டு வெங்காயத் தோட்டக்காரர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

கார் வந்தது. எங்கள் வாசல் படலையடியில் நின்றதும் கடைக்காரர் பழக்கத்தில் திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை, சேர்த்த பெற்றோலும் தீர்ந்திருந்தது. அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்ன வேலை பாத்தனீர்!" என்றார் விதானையார்.

"ஒரு வீட்டுக்கு வந்தா நிப்பாட்டிப்போட்டு இறங்கித்தானே பழக்கம்..." கடைக்காரர் அழுதுவிட்டார்.

விதானையார் ஒழுங்கையில் நின்று கத்தினார்: "என்ரை புத்தகத்திலை இருக்கிற தலையெல்லாம் வெளியிலை வாங்கோ!"

வந்தார்கள். ஈரக் கையோடு பெண்கள், தலைப்பாகையோடு கிழவர்கள். தள்ளினார்கள். கார் உருண்டது, இருமியது, எழும்பவில்லை. மீண்டும் தள்ளினார்கள். மடியில் பிள்ளையோடு பின் சீற்றில் இருந்த நான் அவள் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெங்காயத் தோட்டக்காரர் இடுப்புச் சாரத்து மடிப்பிலிருந்து ஒரு கண்மருந்துப் போத்தலை எடுத்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "நாளைக்கு இறைப்பு..." என்று தொடங்கி, முடிக்காமல் நீட்டினார்.

"உம்மட்டை இல்லையெண்டெல்லோ எழுதினனான்," என்றார் விதானையார். "பறவாயில்லை, பென்சிலாலைதான்."

எஞ்சின் பிடித்தது. "நிப்பாட்டாதை!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. ஆஸ்பத்திரி வாசலில் கடைக்காரர் இறங்கவேயில்லை. இரைந்துகொண்டிருந்த காருக்குள்ளேயே காவல் இருந்தார். ஊசி போட்டார்கள். பொழுது சாயும்போது பிள்ளை தண்ணீர் கேட்டாள்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். விதானையார் இப்போது இல்லை. திரும்பி வந்தவர்கள் அன்றைய ஆட்களில் பாதிகூட இல்லை. ஆனாலும் தார் போட்ட வீதியில் மினிபஸ் வருகிறது. மகளுக்கு இருபத்தைந்து வயதாகிறது. அவளை ஏற்ற ஓட்டோ வந்து நின்றால் போதும், "நிப்பாட்டாதையுங்கோ தம்பி" என்று சொல்லிவிடுகிறேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டாமல், நீளமாகச் சிரிக்கிறாள். சிரிப்பு முடியும்வரை நான் படலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.