எல்லம்மாள் மூடாத திருகு

எல்லம்மாள் பெற்றது ஒரே பிள்ளை. பெற்றதாக நடித்தது எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. உத்திரமேரூரைச் சுற்றி எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ மேசை உண்டோ, அநேகமாக எல்லாவற்றிலும் அவள் ஒரு தடவையாவது படுத்து, முக்கி, கத்தி, ஒரு ரப்பர் குழந்தையைப் பெற்றிருக்கிறாள். பெற்றதும் ரத்தம் போகும். கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர். எதிரே நிற்கும் நர்ஸ் அதை நிறுத்துகிறாளா என்று ஒரு குழு பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பெண் போடும்.

அந்த ஒரே பிள்ளை மோகன். ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்க்கும் இன்ஜினியர். அதே குழுவோடு போகிறவன். சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, பிறந்த குழந்தையைக் கிடத்தும் வார்மர் சரியான சூடு காட்டுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. எல்லாக் கருவியும் இருக்கும், ஓடவும் ஓடும். அப்படியும் ஒரு தாய் செத்துப்போவாள். ரத்தம் கொட்டுகிற நேரத்தில் எதிரே இருப்பவளின் கை என்ன செய்யும் என்பதை எந்த மீட்டரும் காட்டாது. அதை அளக்க எல்லம்மாள்தான் படுக்க வேண்டும்.

அவள் இந்த வேலைக்கு வந்தது யாரும் கூப்பிட்டு அல்ல. மானாம்பதியில் பயிர் வைத்துக்கொண்டிருந்த கணவர் இறந்த பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் டாக்டர் சுகிர்தா ஒரு பையோடு வந்தார். ஒத்திகைக்கு யார் தாயாகப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளினார்கள். எல்லம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கையை நீட்டினாள். அன்று அவள் போட்ட சத்தத்தில் டீ வாங்கப் போயிருந்த செக்யூரிட்டி கிளாஸோடு திரும்பி ஓடி வந்தாராம். டாக்டர் சுகிர்தா அதற்கப்புறம் வேறு ஆளைத் தேடவில்லை.

அந்தப் பை வயிற்றின் மேல் மாட்டிக்கொள்வது. தோளில் இரண்டு பட்டை, வெளியே வயிற்று நிறத்தில் துணி. உள்ளே ரப்பர் குழந்தை, அதன் நஞ்சுக்கொடி, சிவப்புத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு சிறிய பை. அதிலிருந்து ஒரு குழாய், குழாயில் ஒரு திருகு. கருப்பைக்குப் பதிலாக ஒரு ரப்பர் பந்து. மாட்டியிருப்பவள் உள்ளே கைவிட்டு அந்தப் பந்தைப் பிடித்தால் அது கல்லாக இருக்கும். விட்டால் களி மாதிரி குழையும். திருகும் அவள் கைக்குத்தான் எட்டும். ரத்தம் எப்போது போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் எல்லாம் அவள் விருப்பம்.

ஒத்திகை முடிந்தால் பையை வீட்டுக்கு எடுத்து வந்து அலசி, புடவைகளோடு கொடியில் காயப்போடுவாள். தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

“எல்லம்மா, இந்த மாசம் எத்தினி பெத்த?”

“நாலு. நாலும் ஆம்பள. ஒண்ணுகூட சோறு கேக்கறதில்ல, அதான் நிம்மதி.”

சிரித்துக்கொண்டே சொன்னாலும், மேசையில் ஏறிவிட்டால் அவளிடம் சலுகை கிடையாது. நர்ஸ் ஊசி போட வேண்டும், வயிற்றை அழுத்திப் பிசைந்து கருப்பையை இறுகச் செய்ய வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். கை சரியாக விழுந்தால் பந்து இறுகும், திருகு மூடும். விழாவிட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

சிற்றேரிப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முறை வந்தது. அங்கே ஒப்பந்த நர்ஸ் இளமதி. எல்லம்மாளின் தங்கை சுதாவின் மகள். இந்த மதிப்பீட்டில் தேறினால்தான் அங்கே தொடர்ந்து பிரசவம் பார்க்கலாம். பிரசவம் இல்லையென்றால் இளமதியின் ஒப்பந்தமும் நீடிக்குமா என்பது சந்தேகம். முதல் நாள் சாயங்காலம் சுதா வந்து அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்தாள். நேராக விஷயத்துக்கு வரவில்லை. இளமதிக்கு வந்த வரனைப் பற்றியும் வேலை இருந்தால்தான் அது நிலைக்கும் என்பதைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

“நாளைக்கு நம்ப பொண்ணு, அக்கா. ரெண்டு அமுக்கு அமுக்கினதும் மூடிடேன்.”

மோகனும் அங்கேதான் இருந்தான். சித்தி கேட்பதில் பெரிய தப்பாக அவனுக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர்தானே என்று சொல்லியும் வைத்தான்.

எல்லம்மாள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: “நெஜமா வர்றவகிட்ட இன்னா திருகு கீது, மூடறதுக்கு?”

சுதா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா ஒத்துக்கொண்டாள் என்றே நினைத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இளமதி முதலில் எதிலும் தடுமாறவில்லை. குழந்தையைப் பிடித்தாள், துடைத்தாள், பெரியம்மாவின் நெஞ்சின் மேல் கிடத்தினாள். ஊசியின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் போட்டாள். நஞ்சுக்கொடியை முழுசாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் சுகிர்தா தலையாட்டியது மோகனுக்குத் தெரிந்தது. அவன் மூலையில் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு, மேசைக்கு முதுகைக் காட்டி நின்றான். எத்தனையோ ஒத்திகைக்கு வந்திருக்கிறான். அம்மா படுத்திருக்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. பெற்ற பிள்ளை பார்க்கிற காட்சியா அது?

“கீழ சூடா போவுது, கண்ணு,” என்றாள் எல்லம்மாள்.

இளமதி வயிற்றில் கை வைத்தாள். பெரியம்மாவின் வயிற்றில் எப்படி வைப்பாளோ அப்படி வைத்தாள். உள்ளங்கையை விரித்து, மெல்லத் தடவினாள். புடவையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அம்மா சுதா பேசிவிட்டு வந்திருக்கிற தைரியமும் இருந்தது. தடவிவிட்டுப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கீழே வைத்திருந்த தட்டு நிரம்பியது. சிவப்பு மேசையின் விளிம்பில் இறங்கித் தரையில் சொட்டியது. இளமதி மறுபடி முகத்தைப் பார்த்தாள், மூடு என்பதுபோல.

எல்லம்மாளின் பேச்சு குழறத் தொடங்கியது. தண்ணி கேட்டாள். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு, ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்த அந்தப் பகலில், ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

“கரண்ட் போயிட்ச்சா, கண்ணு? இருட்டிக்கினு வருது.”

மோகன் திரும்பிவிட்டான்.

அந்தப் பைக்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். குழாய் அவன் மாற்றியது. திருகின் வாஷரும் அவன் போட்டதுதான். காலையில் கேசரிப் பவுடரைக் கலக்கிக் கொடுத்தவனும் அவனே. அத்தனையும் தெரிந்தவன், அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். அவள் முகத்தில் நிறமே இல்லாததுபோல் இருந்தது. அதை எப்படிச் செய்தாள் என்று கடைசிவரை அவனுக்கு விளங்கவில்லை. ரேகை தேய்ந்த, வார்டு தரையைத் தேய்த்தே காய்த்துப்போன கை மேசைக்கு வெளியே தொங்கியது. இன்னொரு கை துணிக்குள், திருகின் மேல் இருந்தது. சொந்தத் தங்கையின் மகள் எதிரே நிற்கிறாள். அந்தக் கை அசையவில்லை.

பை காலியானது. சொட்டுவது நின்றது.

“அம்மா இறந்துட்டாங்க,” என்றார் டாக்டர் சுகிர்தா. ஒத்திகையில் அப்படித்தான் சொல்வது வழக்கம். எல்லம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். துடைப்பம் எங்கே என்று கேட்டு வாங்கி, தரையை அவளே துடைத்தாள். இளமதி வெளியே குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மறு மதிப்பீடு வரைக்கும் சிற்றேரிப்பாக்கத்தில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவைத்தார்கள். வலி வந்தவர்கள் ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் போக வேண்டியிருந்தது. எல்லம்மாள் ஊர் ஆஸ்பத்திரியையே சாகடித்துவிட்டாள் என்று டீக்கடையில் பேசினார்கள். சுதா அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எல்லம்மாள் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளமதி வண்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

“பைய மாட்டு, பெரிம்மா. அதான் செத்துட்ட இல்ல, இன்னொரு தபா சாவு.”

எல்லம்மாள் பையை எடுத்து வந்து கட்டிலில் படுத்தாள். மோகன் வெளியே போகப் பார்த்தான். இளமதி அவனையும் விடவில்லை. குழந்தையை வாங்க ஆள் வேண்டும் என்றாள். ரத்தம் போகத் தொடங்கியதும் அவள் முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, கையை முஷ்டியாக்கி வயிற்றில் இறக்கினாள். இத்தனை நாள் கோபமும் அந்தக் கையில் இருந்தது. எல்லம்மாள் முனகியது நடிப்பில்லை. பைக்கு அடியில் இருந்தது அவளுடைய நிஜ வயிறு.

“வலிக்குதா?”

“வலிக்கட்டும். கைய எடுக்காத.”

இளமதி எடுக்கவில்லை. அழுதுகொண்டே பிசைந்தாள். துணிக்குள்ளே பந்து இறுகியது. திருகு மூடியது. கட்டிலின் கீழே சொட்டுவது நின்றது. அப்புறம் இளமதி, “சாப்பிட சோறு கீதா?” என்று கேட்டாள்.

மறு மதிப்பீட்டில் சிற்றேரிப்பாக்கம் தேறியது. பிரசவம் மறுபடி தொடங்கியது.

மழை ஓய்ந்து, நாற்று நடும் சமயம். ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து சந்தியா என்ற பெண் இரண்டாவது பிரசவத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்தாள். காலை வரைக்கும் நடவு வேலையில் இருந்தவள். குழந்தை நன்றாகப் பிறந்தது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. இளமதி ஊசி போட்டாள், 108-ஐக் கூப்பிடச் சொன்னாள், முஷ்டியை இறக்கினாள். ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை, வளைவிலும் பள்ளத்திலும், அந்தக் கையை எடுக்கவில்லை. அங்கே டாக்டர்கள் வாங்கிக்கொண்ட பிறகு அவளுடைய விரல்கள் நிமிரவே இல்லையாம். வேறொருத்தி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாளாம்.

சந்தியா பிழைத்தாள். இளமதி மோகனுக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

“ரத்தம் நிக்கறப்ப கைக்கு அடியில கல்லு மாதிரி ஆச்சுண்ணா. பெரிம்மா வவுறு மாதிரியே. அப்பிடியே.”

மோகன் அம்மாவிடம் சொன்னான். எல்லம்மாள் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய், ஏற்கெனவே அலசி மடித்து வைத்திருந்த பையை எடுத்து மறுபடியும் அலசினாள். அன்று சாயங்காலம் சுதா வேகவைத்த வேர்க்கடலையோடு வந்தாள். நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் உட்கார்ந்து, கடலை விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். எல்லம்மாளும் கடலை உரித்தாள்.

போன ஆடியில் எல்லம்மாள் இறந்தாள். காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவள் எழவில்லை. இதயம். மோகன் அவள் நெஞ்சில் கை வைத்து அழுத்தினான், கற்றுக்கொண்டபடியே, ஆம்புலன்ஸ் வரும்வரை. பலிக்கவில்லை.

பையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திருகில் லேசாகக் கசிவு இருந்தது. மோகன் வாஷரை மாற்றினான். கொஞ்ச நாள் கழித்து டாக்டர் சுகிர்தா தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். சிற்றேரிப்பாக்கத்தில் புது நர்ஸ் சேர்ந்திருக்கிறாள், ஒத்திகை வைக்க வேண்டும் என்றார். பையோடு போனான். தாயாகப் படுக்க ஒத்துக்கொண்டிருந்த பெண் அன்று லீவு. அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நான் மாட்டிக்கிறேன்,” என்றான் மோகன்.

சிரிப்பு எழுந்தது. இளமதிதான் பட்டையைத் தளர்த்தி மாட்டிவிட்டாள். அது எல்லம்மாளின் தோளுக்கு இறுக்கி வைத்தபடியே இருந்தது.

“முக்கத் தெரியுமாண்ணா உனக்கு?”

“வந்தவரைக்கும் முக்கறேன்.”

மேசையில் படுத்தான். மேலே மின்விசிறி, ட்யூப் லைட், குனிந்து பார்க்கும் முகங்கள். அம்மா பார்த்தது இவ்வளவுதான். குழந்தை பிறந்தது. சிரிப்பு ஓய்ந்தது. துணிக்குள் கை திருகைத் தேடிப் பிடித்துத் திறந்தது.

புது நர்ஸ் சின்னப் பெண். ஆண்பிள்ளை வயிறு என்ற வெட்கம் வேறு. உள்ளங்கையை விரித்துத் தடவினாள். தட்டில் சொட்டும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவளுடைய மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். “சார்,” என்றாள் மெதுவாக.

திருகு ஒற்றை விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகக் காத்திருந்தது. எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறான். இவ்வளவு லேசு என்று அவனுக்குத் தெரியாது. மூட அரைச் சுற்றுப் போதும். எத்தனை மேசைகளில், எத்தனை பெண்கள் இப்படிக் குனிந்து கண்ணாலே கெஞ்சியிருப்பார்கள். அதில் ஒருத்தி தங்கை மகள். அம்மாவின் விரல் இதே இடத்தில் இருந்தது.

“கரண்ட் போயிட்ச்சா, கண்ணு?” என்றான்.

சுவரோரம் நின்ற இளமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப் பெண் ஒரு நொடி நின்றாள். பிறகு அவளுடைய கை முஷ்டியானது. முழங்காலை மேசையில் ஊன்றி, முழு பாரத்தோடு இறக்கினாள்.

வலித்தது. நிஜமாகவே வலித்தது. இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று மோகன் காத்திருந்தான். பிறகு மூடினான்.