கடைசி ஆள் வந்த பிறகே டீ

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தேகால். சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது இரவெல்லாம் யாரோ என்னை மிதித்துத் துவைத்தது போல் இருந்தது. நடு பெர்த். மேலே ஒருவர், கீழே ஒருவர். இருவரும் முறை வைத்துக் குறட்டை விட்டார்கள். டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஈரோடு பஸ். சங்ககிரிக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலோர சீட் கிடைத்தும் பார்த்தது கொஞ்சம்தான். விழித்துப் பார்த்தபோதெல்லாம் ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டிருந்தது, அல்லது நாங்கள் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தோம்.

நான் வந்தது அலுவலக வேலையாக. வங்கிக் கிளைகளுக்குப் போய்க் கணக்குச் சரிபார்ப்பது என் உத்தியோகம். வெள்ளியும் சனியும் சங்ககிரி, திங்கள் நாமக்கல். பையில் ஓடும் ஷூவையும் எடுத்து வைத்திருந்தேன். எட்டு வருடமாக எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒருநாளாவது ஓடிவிட்டு வருவது வழக்கம். இந்த முறை அதில் எந்த ஆசையும் இல்லை. வயது நாற்பத்தொன்பது, வலது முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. சென்னையில் எங்கள் குழுவில் ஆறு மாதமாகக் கடைசியில் வருவது நான்தான். நான் வந்து சேரும்போது அங்கே ஒருவரும் இருப்பதில்லை. காலித் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். சங்ககிரியோடு இதை மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவுசெய்துதான் வந்தேன்.

சனிக்கிழமை, அதிகாலை நாலே முக்கால். திருச்செங்கோடு சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. அதன் முதலாளி முத்துக்குமார்தான் இந்த ஊர் ஓட்டக் குழுவுக்குத் தலைவர். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு, காலில் விலை உயர்ந்த ஷூ. என் எண்ணைச் சென்னை நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. போனை இதுல போட்டுருங்க" என்று ஒரு டூல் பாக்ஸைத் திறந்து நீட்டினார். உள்ளே ஸ்பானர்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு போன்கள் கிடந்தன.

"எதுக்குங்க?"

"எல்லாம் லாரிக்காரங்க, போர் போடற ரிக் வண்டிக்காரங்க. போன் கையில இருந்தா ஓட்டம் இருக்காதுங்க, லோடு பேசறதுதான் இருக்கும். ஒருக்கா ஒருத்தர் ஓடிக்கிட்டே நாக்பூருக்கு வாடகை பேசி முடிச்சுட்டாருங்க. அன்னிக்கி வெச்ச சட்டம்."

அன்று ஒருவர் புது ஷூ போட்டு வந்திருந்தார். இரண்டு ஷூவுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, குதிகாலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் அதை நசுக்கிவிட்டு இறங்கினார். புது லாரிக்குச் செய்வதைத்தான் செய்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. தூக்கக் கலக்கத்திலும் சிரிப்பு வந்தது.

சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கிய கிலோமீட்டர் கற்களை யாரும் திரும்ப நடவில்லையாம். அதனால் குழுவினரே பாலக்கட்டையிலும் புளியமரத்திலும் மஞ்சள் பெயின்ட்டில் எண் எழுதி வைத்திருந்தார்கள். அன்று மூன்றாம் எண் வரை போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் ஆறு கிலோமீட்டர். முதல் பாலம் தாண்டுவதற்குள் எல்லோரும் இருட்டில் மறைந்துவிட்டார்கள். என்னோடு மிஞ்சியவர் ஜெசிந்தா. கார்மென்ட்ஸில் தையல் வேலை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், வயது நாற்பத்திரண்டு. எங்கள் இருவருக்கும் பின்னால், பத்தடி இடைவெளியில், தங்கராசு. முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு இப்போது ஊரோடு இருப்பவர்.

"நீங்க முன்னால போங்களேன்" என்றேன். முதுகுக்குப் பின்னால் ஒருவர் மெதுவாக வருவது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நாலு வண்டி சேந்து போனா, நல்லா ஓட்டறவந்தான் சாமி கடைசில வரோணும். எந்த வண்டி நின்னுச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார் தங்கராசு. அதற்கு மேல் வாதாட மூச்சில்லை.

திரும்பி வந்தபோது விடிந்திருந்தது. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் கிளாஸ் இல்லை. நாங்கள் மூவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கடைக்காரர் வடிகட்டியைக் கையில் எடுத்தார். டீ பன்னிரண்டு ரூபாய்.

"கடைசி ஆள் வராம இங்க டீ கிடையாதுக்கா" என்றார் ஜெசிந்தா. "அதுக்குப் பயந்தே நான் வேகமா ஓடக் கத்துக்கிட்டேன்."

முதல் வாயை ஊதி ஊதிக் குடித்தேன். அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். போனைக் கேட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள். செயற்கைக்கோளைப் பார்த்துத் தூரம் சொல்கிற வகை அது. ஆறு கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. அதற்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனி மாலை ஆறரை. வேலை முடித்து வரும் வழியில் பட்டறைக்குள் நுழைந்தேன். முத்துக்குமார் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்டூல் போட்டார். பேச்சு ஜெசிந்தாவைப் பற்றித் திரும்பியது.

"போன வருசம் கோயமுத்தூர்ல இருவத்தொண்ணு கிலோமீட்டர் ஓடப் போனாங்க. மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கோணும். முடிக்காதவங்கள ஏத்தறதுக்கு ஒரு பஸ் பின்னாடியே வருமுங்க. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கறப்ப ஏத்திட்டாங்க. நாங்க அத்தன பேரும் முடிக்கற கோட்டுக்குப் பக்கத்துல நிக்கறோம், இவிங்க பஸ்ஸுல இருந்து எறங்கறாங்க. அன்னிக்கி யாருமே டீ குடிக்கலீங்க. அப்படியே ஊடு வந்து சேந்தோம்."

"இந்த வருஷம்?"

"இன்னும் மூணு வாரம் இருக்குதுங்க. இப்ப நம்ம ரோட்டுல ஓடற கணக்குக்குப் பத்து நிமிசம் முன்னாலயே முடிச்சுருவாங்க. இதுலயும் பஸ்ஸேறுனா ஷூவக் குப்பைல போட்டுருவேன்னு சொல்லியிருக்காங்க. ஊட்டுல வேற, அந்த நேரத்துல ரெண்டு சட்டை தெச்சிருக்கலாம்னு பேச்சு."

எனக்குக் கடிகாரம் ஞாபகம் வந்தது. சாலையை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"தங்கராசண்ணன் ஓட்டுன லாரியிலதானுங்க. ஒரு கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தி நிறுத்தி நானே எறங்கிப் பெயின்ட் அடிச்சேன். லாரி மீட்டர் பொய் சொல்லுமுங்களா?"

கடிகாரத்தைக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பட்டறையின் மூலையில் குவிந்து கிடந்த பழைய இரும்பைப் பார்த்தார்.

"அந்த வண்டிக்கு மீட்டர் போயிருந்துச்சுங்க" என்றார் மெதுவாக. "உடைக்க வந்த வேற வண்டில இருந்து கழட்டி நாந்தான் மாட்டுனேன். அது வேற கம்பெனி வண்டி, டயரே வேற அளவு. ஓடுதான்னு பாத்தனுங்க, சரியா ஓடுதான்னு பாக்கல."

ஆக ஒவ்வொரு கிலோமீட்டரும் எழுபது மீட்டர் அளவுக்குக் குறைவு. இருபத்தொன்றுக்குச் சேர்த்தால் ஒன்றரை கிலோமீட்டர் காணோம். ஜெசிந்தாவின் பத்து நிமிடமும் அதற்கு மேலும் அதில் போய்விடும். ஒரு ஊரே வேறொரு லாரியின் மீட்டரை நம்பி இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"மேடம், இத அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமுங்க. இப்பச் சொன்னா மனசு ஒடிஞ்சு போயிரும். நீங்க திங்கக்கிழமை போயிருவீங்க. நாங்கதான் பாக்கோணும்."

சொல்ல மாட்டேன் என்றேன். நல்லதாயிற்று என்றுகூட இருந்தது. நாள் முழுக்க மற்றவர் கணக்கில் பிழை தேடுகிறவளுக்கு இது எதற்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விடுவானேன் என்று லாட்ஜுக்கு வந்து படுத்துவிட்டேன். அறை வாடகை எழுநூறு ரூபாய். மின்விசிறி சுற்றியது, தூக்கம் வரவில்லை.

ஞாயிறு, அதிகாலை நான்கு. ஜெசிந்தா எட்டு மணிப் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் முன்கூட்டியே கிளம்பினோம். ஒன்பதாம் எண் வரை போய்த் திரும்ப வேண்டும், அவர்கள் கணக்கில் பதினெட்டு. ஐந்தாம் எண்ணில் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஒன்பதில் திரும்பியபோது திருச்செங்கோட்டு மலை வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்து மகிழும் நிலையில் நான் இல்லை. தண்ணீர் கொடுத்த தங்கராசு, "ஏறிக்கறீங்களா சாமி, பின்னால நம்ம பையன் வண்டி வருது" என்றார். ஜெசிந்தா நிற்காததால் நானும் நிற்கவில்லை. அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இரண்டாம் எண் எழுதிய பாலத்தருகே ஜெசிந்தா தன் சாதாரண வாட்சைப் பார்த்துச் சிரித்தார்.

"போன வாரத்தைவிட நாலு நிமிஷம் முன்னாடிக்கா. மாதா புண்ணியம்." வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடினார். "போன வருஷமும் இங்க நல்லாத்தான் ஓடினேன். அங்க போய்தான் என்னமோ ஆயிடுச்சு. கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டேனா, சோம்பலா, ஒண்ணும் புரியல. ஒரு வருஷமா அதத்தான் யோசிக்கறேன். ஒரே ஒரு கிலோமீட்டர்க்கா. அதுக்குக்கூடவா எனக்குத் தெம்பில்லாம போச்சு?"

முத்துக்குமாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓட என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மூச்சு வாங்க வாங்க, பாதி வாக்கியங்களாக. கடிகாரம், லாரி, கழற்றி மாட்டிய மீட்டர்.

பின்னால் தங்கராசுவின் காலடி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நடுச்சாலையில் இடுப்பில் கை வைத்து நின்றார். "அது என்ற வண்டியோட மீட்டர் இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மறுபடி ஓடத் தொடங்கினார், அதே பத்தடி தள்ளி.

ஜெசிந்தா ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. முகம் சுண்டிப் போகும், அழுவார், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த ஒரு கிலோமீட்டர் இந்த ரோட்டுலதான் தொலஞ்சிருக்கு" என்றார். "நான் தொலைக்கல."

பட்டறை வரை அதே வேகத்தில் ஓடினார். டீக்கடையில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் பெஞ்சில் விழுந்தேன். ஜெசிந்தா கடையைப் பார்க்கக்கூட இல்லை. என் பக்கம் கையை நீட்டி, "வாட்சக் குடுங்கக்கா" என்றார். கழற்றிக் கொடுத்தேன். அது பதினாறே முக்கால் காட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி ஓடினார். தங்கராசு பின்னாலேயே போனார்.

கடையில் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். முத்துக்குமார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் தானே சொன்னார், மீட்டர் மாட்டியது தான்தான் என்பதையும் சேர்த்து. "ரெண்டு வருசமா குறைச்சலா ஓடிட்டுப் பெருமை பேசுனமா?" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கொதித்த டீயை இறக்கி வைத்தார், திரும்ப ஏற்றினார். ஊற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் பெஞ்சுக்கு வந்திருந்தது. ஜெசிந்தாவின் முகம் மிளகாய் போல் சிவந்திருந்தது.

"இப்பத்தான் பதினெட்டு" என்று கடிகாரத்தை என் மடியில் போட்டார். பிறகு முத்துக்குமாரிடம் திரும்பினார். "அண்ணா, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்பர் எல்லாம் சரியான எடத்துல இருக்கணும். நான் பூசைக்குப் போறேன்." நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் போனார். முத்துக்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிரலாமுங்க" என்றார்.

திங்கட்கிழமை, காலை ஏழு. நாமக்கல் போவதற்குத் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். காலை மடக்கி உட்காரக்கூட முடியவில்லை. ஊரைத் தாண்டியதும் பஸ் மெதுவாகியது. சாலையோரத்தில் தங்கராசு குந்தியபடி பட்டறை இரும்பு டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடித்திருந்தார். மறு முனையை இழுத்துக்கொண்டு முத்துக்குமார் போய்க்கொண்டிருந்தார். பாலத்தில் பழைய இரண்டின் மேல் தார் பூசியிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தில் புது இரண்டு, ஈரம் காயாமல். அதற்கு அப்பால் பழைய எண்கள் அப்படியே இருந்தன. மூன்று, நான்கு, ஐந்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தனையும் இன்னும் பொய். அதை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சென்னைக்கு வந்து முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். ஓய்வு என்றார். நான் ஏன் வரவில்லை என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்தான், அவரவர் கடிகாரத்தை அவரவர் பார்ப்பவர்கள்.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இந்நேரம் கிளம்பியிருப்பார்கள். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன், பேப்பர் படித்தேன், துணி உலர்த்தினேன். எட்டரை மணிக்கு முத்துக்குமாரிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, ஆட்கள் முகமும் இல்லை. ஒரு குட்டைச் சுவரின்மேல் வரிசையாகப் பேப்பர் டீ கப்புகள், எல்லாம் குடித்துக் காலியானவை.

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். காலையிலிருந்து நானும் டீ குடிக்கவில்லை.