சம்பந்தி வயிற்றில் கேட்ட சத்தம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவாகத்தான். அதனால் என்ன, எங்கள் தெருவுக்கு நான்கு மாதம் டாக்டராக இருந்தவள் நான். வாசலில் போர்டு மாட்டவில்லை, அவ்வளவுதான்.

மருமகளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தங்கியபோது அந்தப் பெண் தும்முவதற்குக்கூடப் பயந்தாள். அதைக் கேள்விப்பட்டு, சிங்கப்பூரில் வெல்டராக இருந்த அவளுடைய அண்ணன் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். உள்ளங்கை அளவுதான். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் காளான் குடை மாதிரி ஒன்று. அதை வயிற்றில் வைத்தால் உள்ளே பிள்ளையின் இதயம் அடிப்பது கேட்கும். காதில் மாட்டிக்கொள்ள ஒரு குழாயும் கூடவே வந்தது. என் மகன் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீசியன். ஒருத்தர் மட்டும் கேட்டால் எப்படி என்று பழைய டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரைப் பிடுங்கி இதில் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விஷயம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பெட்டி வந்தது மருமகளுக்கு. பிடித்துக்கொண்டது நான். அவளுக்குக் கை நடுங்குகிறது என்று மகனிடம் சொன்னேன். நடுங்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

வயிற்றில் தடவச் சொல்லி ஒரு பாட்டில் பசை கொடுத்திருந்தார்கள். அது ஒரு மாதத்தில் தீர்ந்தது. நான் விளக்கெண்ணெய்க்கு மாறினேன். சிங்கப்பூர்ப் பசையைவிட நம் விளக்கெண்ணெயில்தான் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

சமையல் முடிந்து பதினோரு மணிக்குத் தெருப் பெண்கள் வந்து உட்காருவார்கள். மருமகளைக் கட்டிலில் படுக்கவைத்துக் குடையை வைப்பேன். டகடகடகவென்று குதிரை ஓடுவது போலக் கேட்கும்.

"ஆம்பளப் புள்ளதான்க்கா. இன்னா ஓட்டம் ஓடுது பாரு."

"ஓடுனா ஆம்பளயா? எங்கூட்டு ஆம்பள எதிர்த்த டீக்கடைக்கே ஆட்டோல போறாரு."

நான் சிரிக்கமாட்டேன். டாக்டர்கள் சிரிக்கக் கூடாது. கண்ணை மூடித் தலையை ஆட்டி, "ரெண்டு நாள் போகட்டும், சொல்றேன்" என்பேன்.

ஒருநாள் கிராமத்து நர்ஸ் வந்து நின்றாள். மாதம் ஒருமுறை வந்து, தகரப் புனல் போன்ற ஒன்றை வயிற்றில் வைத்துக் காதால் கேட்டுப் போகிறவள்.

"இன்னாம்மா, கடை போட்டுக்கினு உக்காந்துக்கிறீங்க?"

"நீயும் வந்து கேளேன்."

அவள் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "இது வேலை தெரிஞ்சவங்க கைல இருக்கணும்மா. ரத்தம் ஓடற எடத்துலல்லாம் சத்தம் கேக்கும். இத்த வெச்சி நல்லாக்கீது, நல்லால்லன்னு முடிவு பண்ணாதீங்க. புள்ள ஒதைக்குதா, அத்த மட்டும் பாருங்க. ஒதைக்கறது கொறஞ்சா ஒடனே கெளம்பிடணும்."

சரி சரி என்று மோர் கொடுத்து அனுப்பினேன். அவள் வண்டி தெரு திரும்பியதும், "அது கைல தகரப் புனல், நம்ம கைல சிங்கப்பூர் பெட்டி. வயிறு எரியாதா?" என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் வீட்டில் உட்கார்ந்து என் மோரைக் குடிக்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். சம்பந்தி வீட்டார் ஆந்திரா எல்லையில் இருக்கிற பள்ளிப்பட்டிலிருந்து வேனில் வர வேண்டும். வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பள்ளிப்பட்டுக்குப் போவதென்றால் அரை நாள் பாடு. அன்று காலை புடவையைப் பாதி கட்டிக்கொண்டு மருமகள் என்னிடம் வந்தாள்.

"அத்தை, எழுந்ததுலருந்து ஒதைக்கவே இல்ல."

"நேத்து?"

"நேத்து சாயந்திரமே கம்மிதான் அத்தை."

படுக்கவைத்தேன். விளக்கெண்ணெய் தடவிக் குடையை வைத்தேன். வழக்கமான இடத்தில் குதிரை இல்லை. மேலே பார்த்தேன், பக்கத்தில் பார்த்தேன். கடைசியில் தொப்புளுக்கு அருகே அழுத்திப் பிடித்தபோது ஒரு சத்தம் வந்தது. தடக்... தடக்... என்று, சாவகாசமாக.

"கேக்குதா? தூங்குது. அதான் மெதுவா அடிச்சிக்குது."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா அத்தை?"

"ஊரே வந்துக்கினு இருக்குது. பெட்டியே சொல்லுது, அப்புறம் இன்னா? நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்காத."

அவள் புடவையின் மீதியைக் கட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அவளை மணையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கைக்கொரு டஜன் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் அடுக்கினோம். பந்தியில் முதல் வரிசைக்குப் புளிசாதம் விழுந்துவிட்டது. வேன் டிரைவரும் உட்கார்ந்துவிட்டான். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆந்திரா எல்லையிலிருந்து வந்திருந்தவர்களுக்கு அதன் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க பையன் வாங்கி அனுப்பினதுதானே அண்ணி? குடுங்க, இனிமே எங்க ஊட்லதான இருக்கப்போவுது. நானும் பழகிக்கினு போறேன்."

"பொண்ணுக்குப் புடவ கசங்கும்" என்றேன், கொடுக்க மனமில்லாமல்.

"பொண்ணு வயிறு எதுக்கு? எங்கூட்டுக்காரர் வயிறு சும்மாதான இருக்குது!"

பெட்டியை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனின் சட்டையைத் தூக்கிவிட்டார். சம்பந்தி ஒட்டின வயிற்றுக்காரர், காய்ந்த பனைமட்டை மாதிரி இருப்பார். அந்த வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிக் குடையை அழுத்தியதும் ஸ்பீக்கரில் எடுத்தது சத்தம். தடக்... தடக்... தடக்...

பந்தல் குலுங்கியது.

"நைனாவுக்கு எத்தினியாம் மாசம்?"

"அவருக்கும் ரெண்டு வளையல் போடுங்கப்பா!"

"அதான் காலைலருந்து புளிசாதம், புளிசாதம்னு கேட்டுக்கினு இருந்தாரு!"

சம்பந்தி வெட்கத்தில் சட்டையை இழுத்து மூடினார். நானும் எல்லோருடனும் சேர்ந்து வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அது எனக்குத் தெரிந்த நடை. அன்று காலையில் நான் கேட்டதும் இதே தடக் தடக்தான். அறுபது வயது மனுஷன் வயிற்றில் தூங்குகிறது யார்? அப்படியென்றால் காலையில் நான் கேட்டது பிள்ளையை இல்லை, பிள்ளையைச் சுமக்கிறவளை.

மணையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. ஒரு கை வயிற்றில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேன எடுக்கச் சொல்லுங்க."

"ஆலாத்தியே இன்னும் எடுக்கலயே அண்ணி, இன்னா அவசரம்?" என்றார் சம்பந்தியம்மா.

"ஆஸ்பத்திரிக்கி. புள்ள அசையல."

டிரைவர் புளிசாதக் கையைக் கழுவாமலே ஓடிவந்தான். எப்போதிலிருந்து அசையவில்லை என்று வேனில் சம்பந்தியம்மா நான்கு தடவை கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதும் என் கௌரவம் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதையேதான் முதலில் கேட்டார்கள். மருமகள் தன் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இப்பதான் டாக்டர். ஒரு மணி நேரமாத்தான்."

என் மானத்தைக் காப்பாற்றுகிறாள். நான் பேசாமல் நின்றிருந்தால் அது காப்பாற்றப்பட்டிருக்கும்.

"சரியா சொல்லும்மா. நீ சொல்ற நேரத்த வச்சுதான் நான் முடிவு பண்ணணும்."

"பொய் சொல்லுது டாக்டர்" என்றேன். "நேத்து சாயந்திரமே கம்மி. இன்னிக்கி எழுந்ததுலருந்து சுத்தமா இல்ல. எங்கிட்ட சொல்லிச்சி. நான்தான் பெட்டிய வெச்சிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு மணைல உக்கார வெச்சேன்."

"நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"ரெண்டாங்கிளாஸ்."

"ரெண்டாங்கிளாஸ் படிச்சிட்டு வைத்தியம் பாக்கறீங்களா?"

வெளி நோயாளிகள், சம்பந்தி வீட்டார், கூட்டிப் பெருக்குகிற அம்மாள், எல்லோரும் கேட்டார்கள். என் மாமியார்கூட என்னை அப்படிப் பேசியதில்லை. நின்று கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா தன் மெஷினை வைத்தார்கள். வெகுநேரம் தேடினார்கள். "துடிப்பு இருக்கு. ஆனா எறங்கி எறங்கி வருது. நேத்திலருந்துன்னா இனி காத்திருக்க முடியாது. உடனே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்" என்றார்கள். நர்ஸ் சோப்புத் தண்ணீர் தொட்டு வளையல்களை உருவினாள். கழன்றதைவிட உடைந்தது அதிகம். ஊரே கூடிப் போட்டதைக் கழற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

குதிரை மாதிரி ஓடியது பெண் பிள்ளை. ஓட்டத்தை வைத்து ஆண் பிள்ளை என்று சொன்ன என் சிஷ்யை அதன்பிறகு ஒரு மாதம் என் கண்ணில் படவில்லை. நோஞ்சான் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை, தட்டித்தான் அழவைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் கையில் கொடுத்தார்கள்.

அன்றுதான் மருமகள் கேட்டாள். "டாக்டர்கிட்ட ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிக்கினு இருந்தேனே. எங்கம்மா இத்த இன்னும் பத்து வருஷத்துக்கு சொல்லிக் காட்டுவாங்க."

"காட்டட்டும். சொல்லிக் காட்டணும்னா அவங்க இங்க வந்து போவணும். வந்து போவணும்னா இது இருக்கணும். நீ பால குடு."

மருமகள் சொன்னதில் ஒன்றுதான் தவறு. பத்து வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது, சம்பந்தியம்மா இன்னும் நிறுத்தவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோதும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். சில இடங்களை மறுபடியும் சொல்லச் சொன்னாள்.