மூக்கில்லாத ஒன்பது பேர்

லண்டன் பிக்கடிலியில் சுண்ணச்சிலை வார்க்கும் எங்கள் பட்டறையில் மூக்கு என்றால் ஜேபஸ்தான். பழைய அச்சில் வார்த்தால் எந்த ரோமானியனுக்கும் மூக்கு சப்பையாகத்தான் விழும். ஜேபஸ் சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அதை எடுப்பாக்குவார். முப்பது வருஷம் இதே வேலை. சுண்ணத்தூசியில் இருமல் பிடித்து, முட்டியும் போய்விட்டது. இங்கிருந்து விரட்டினால் வேறெந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்காது. வர்ணம் பூசும் எனக்கே அது தெரியும்போது, முதலாளியம்மா மிஸஸ் கார்பட்டுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மிரட்டுவாள்.

அந்த வருஷம் வாக்ஸ்டாஃப் துரை வில்ட்ஷயரில் புது மாளிகை கட்டினார். சோப்பு காய்ச்சிப் பணம் பார்த்த மனுஷன். மாளிகை என்றால் நூலகம் வேண்டும், நூலகம் என்றால் அலமாரிகளின் உச்சியில் அறிஞர்கள் வரிசையாக உட்கார வேண்டும். புத்தகங்களைக் கெஜக்கணக்கில் வாங்கியவர், அறிஞர்களை எங்களிடம் எண்ணிக்கையில் கேட்டார். எட்டுப் பழைய ஞானிகள். ஒன்பதாவது அவரே, ரோமானியப் போர்வையோடு. நல்ல கூட்டாளிகள்தான்!

ஒன்பது மார்பளவுச் சிலைகளும் போன வேகத்தில் திரும்பி வந்தன, கூடவே ஒரு கடிதம். ரோம் நகரைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் சொன்னாராம், அங்கே அசலான பழஞ்சிலை எதற்குமே மூக்கு கிடையாது என்று. ‘புத்தம்புது மூக்கை வைத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறீர்களா? ஒன்பதுக்கும் மூக்கை உடைத்து அனுப்பவும்.’

ஜேபஸ் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பாவம், பெற்ற பிள்ளையின் கையை ஒடி என்றால் யாருக்கு மனசு வரும்? முதலாளியம்மா அதையெல்லாம் கேட்கிற ரகமில்லை.

“எழுதினபடி செய். இன்னொரு தரம் சிலை திரும்பி வந்துச்சுன்னா, ஜேபஸ், நீ அதே வண்டியில ஏறிப் போயிட்டே இரு.”

எட்டை உடைத்துவிட்டு ஒன்பதாவதன் முன்னால் அவர் சுத்தியலோடு நின்றபோது நான் குறுக்கே போனேன். அந்தக் காலத்தில் உயிரோடிருக்கிற ஆம்பிளைக்கு மூக்கு போனால் ஊர் ஒரே காரணம்தான் சொல்லும். கண்ட இடத்தில் படுத்து வாங்கிய நோய்.

“ஜேபஸு, இது துரையோட முகமய்யா. இதையுமா?”

“ஒன்பதுன்னுதானே எழுதியிருக்கு, டார்கஸ்? ஒண்ணு சரியில்லேன்னு வண்டி திரும்பினா எனக்கு நீயா கஞ்சி ஊத்துவே?”

ஒரே தட்டு. மற்ற எட்டையும்விட ரொம்ப சுத்தமாக விழுந்தது.

சிலைகளை ஏற்றிவைக்க ஜேபஸும், உடைந்த இடத்தில் புகைக்கரி தடவிப் பழசாக்க நானும் போனோம். வழியெல்லாம் சேறு, வண்டி தாமதமாகிவிட்டது. துரை மாடியில் பொய்முடிக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கடைசிச் சிலையை ஏற்றி இறங்குவதற்கும் லேடி டெர்விக் வருவதற்கும் சரியாக இருந்தது. அவளுடைய அண்ணன் மகனுக்குத் துரையின் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. நூலகமே அந்தக் கிழவிக்காகக் கட்டியதுதான்.

கிழவி கோப்பையும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அசல் ரோம் மாதிரியே இருக்கிறது என்று எட்டையும் மெச்சினாள். துரைக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிச் சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

“இது நான்தாங்க.”

அவள் சிலையைப் பார்த்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த தேநீரைப் பார்த்தாள். கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள், கைக்குட்டையால் வாயை அழுந்தத் துடைத்தாள், வண்டியைக் கூப்பிடச் சொன்னாள். அப்புறம்தான் துரை அண்ணாந்தார்.

அவர் போட்ட கூச்சலை எழுத முடியாது. ஜேபஸ் கடிதத்தை எடுத்து நீட்டினார். துரை தன் கையெழுத்தையே முறைத்தார். இப்பவே ஒட்டு என்றார்.

“ஒட்டிடலாங்க துரை. ஆனா ஒட்டு மூக்கு கீழேருந்து பார்த்தாலே தெரியும். ஒட்டு மூக்கு வச்சுக்கிட்டுத் திரியறவங்க யாருன்னு அந்தம்மாவுக்கும் தெரியும்.”

ஒன்பதாவது சிலையை எங்களிடமே தள்ளிவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டே ஜேபஸ் வந்தார்; சேற்று வழியில் லண்டன் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. சிலை திரும்பி வருகிறதே. வேலை போயிற்று என்றே இருவரும் நினைத்தோம்.

வாசலில் முதலாளியம்மா நின்றாள். கையில் ஏழு கடிதங்கள். லேடி டெர்விக் போன வீட்டிலெல்லாம் இரண்டையும் சொல்லியிருக்கிறாள்: அந்த எட்டின் அழகையும், ஒன்பதாவதன் அசிங்கத்தையும். இப்போது கனவான்கள் எல்லோருக்கும் மூக்குடைந்த ஞானிகள்தான் வேண்டுமாம், பக்கத்தில் தங்கள் சிலையும். ஜேபஸ் மடியிலிருந்த சிலையை முதலாளியம்மா ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் சுத்தியலை எடு என்றாள்.

ஜேபஸுக்கு வேலை மிஞ்சியது. சாகிற வரைக்கும் தான் செதுக்கிய மூக்கைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கும்: ‘என்னுடையதைத் தவிர.’